பள்ளி அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தால்: கலிபோர்னியாவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு

ஆகஸ்டில் பள்ளி திறந்த சில நாள்களில் ஊர்க் கல்வி அறக்கட்டளையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். குழந்தை ஒன்றுக்கு இவ்வளவு டாலர் கொடுத்து உதவுங்கள் என்று கேட்டிருப்பார்கள். சென்னையிலும் கோவையிலும் தனியார் பள்ளிகளுக்கு ‘டொனேஷன்’ கட்டிய அனுபவம் உள்ளவர்கள், கொடுக்காவிட்டால் பிள்ளையை ஒருமாதிரி நடத்துவார்களோ என்று பயந்து உடனே கட்டிவிடுகிறார்கள். அரசுப் பள்ளிக்கு எதற்குப் பணம் என்று எரிச்சலோடு அழித்துவிடுபவர்களும் உண்டு. இரண்டுமே தேவையில்லை. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் எங்கள் ஊர் அறக்கட்டளையின் கிராண்ட் (வகுப்புகளுக்கான நிதியுதவி) குழுவில் ஆசிரியர்களின் விண்ணப்பங்களைப் படிக்கிறவள் நான். அந்தப் பணம் எப்படி வகுப்பறைக்குப் போகிறது, நீங்கள் எந்த இடத்தில் உதவலாம் என்பதைச் சொல்கிறேன்.

கொடுப்பது முழுக்க உங்கள் விருப்பம். கலிபோர்னியாவின் அரசுப் பள்ளிகள் படிப்புக்கும் பள்ளி நடவடிக்கைகளுக்கும் கட்டணம் வாங்கக் கூடாது. அப்படி வாங்கினால் பெற்றோர் புகார் கொடுப்பதற்கு 2012-இல் இயற்றிய சட்டம் வழி செய்திருக்கிறது. நீங்கள் கொடுத்தீர்களா இல்லையா என்பதற்கும் உங்கள் பிள்ளையின் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு கிடையாது.

அரசுப் பள்ளிக்குப் பணம் ஏன் பற்றவில்லை என்பதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1978-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய ‘புரபொசிஷன் 13’ சொத்து வரியை மதிப்பில் ஒரு சதவீதத்துக்குள் கட்டிப்போட்டது. வீடு கைமாறும்வரை அந்த மதிப்பும் ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறாது. சொத்து வரியை நம்பியிருந்த பள்ளிகளின் உள்ளூர் வருமானம் சரிந்தது. அடுத்த ஆண்டே சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கல்வி நிதியம் தோன்றியது. பிறகு ஊருக்கு ஊர் வந்துவிட்டன. 2013 முதல் மாநில அரசு எல்லா மாணவருக்கும் ஓர் அடிப்படைத் தொகையும், ஏழைக் குழந்தைகளுக்கும் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தைகளுக்கும் அதற்கு மேல் கூடுதல் தொகையும் தருகிறது. நியாயமான ஏற்பாடு என்றுதான் நான் நினைக்கிறேன். வசதியான புறநகர்ப் பள்ளிகளுக்குப் பெரும்பாலும் அடிப்படைத் தொகை மட்டுமே கிடைப்பதால், இசை ஆசிரியரையும் நூலகரையும் மனநல ஆலோசகரையும் வைத்துக்கொள்ளப் பெற்றோரிடம் வருகிறார்கள்.

பிடிஏவையும் அறக்கட்டளையையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். பிடிஏ என்பது அந்தந்தப் பள்ளியின் பெற்றோர்-ஆசிரியர் சங்கம். விழா, சுற்றுலா, விளையாட்டு நாள் போன்றவற்றைப் பார்த்துக்கொள்ளும். அறக்கட்டளை வழக்கமாக அந்தப் பள்ளி மாவட்டம் முழுவதற்கும், அதாவது ஒரே நிர்வாகத்தின் கீழ் வரும் எல்லாப் பள்ளிகளுக்கும், பொது. அது தனியாகப் பதிவுசெய்த 501(சி)(3) அமைப்பு, அதாவது வரிவிலக்கு பெற்ற தொண்டு நிறுவனம்; பள்ளி நிர்வாகத்தின் கிளை அல்ல. அதனால் கொடுப்பதற்கு முன் விசாரியுங்கள். அமெரிக்க வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸின் இணையதளத்தில் பெயரைத் தேடினால் வரிவிலக்கு நிலை தெரியும். கூடவே அவர்கள் ஆண்டுதோறும் ஐஆர்எஸ்ஸுக்குத் தரும் கணக்கான படிவம் 990-ஐத் திறந்து, வந்த பணத்தில் எவ்வளவு பள்ளிக்குப் போனது, விருந்து நடத்தவும் நன்கொடை திரட்டவும் எவ்வளவு செலவானது என்று பாருங்கள். மிகச் சிறிய அமைப்பாக இருந்தால் அந்தப் படிவம் ஓர் அஞ்சலட்டை அளவுதான் இருக்கும். அப்போது ஆண்டறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கொடுப்பதென்று முடிவானால் பிப்ரவரிக்குள் கொடுங்கள். அடுத்த ஆண்டுக்கு வேலை இல்லாமல் போகலாம் என்ற முன்னறிவிப்பைக் கலிபோர்னியாவில் மார்ச் 15-க்குள் ஆசிரியருக்குத் தந்தாக வேண்டும். அறக்கட்டளையின் பணம் எவ்வளவு என்று அதற்கு முன்பே தெரிந்தால்தான் பள்ளி மாவட்டம் ஒரு பணியிடத்தைக் காப்பாற்ற முடியும். மே மாதம் வரும் காசோலையும் பயன்படும். ஆனால் அந்த நூலகர் அதற்குள் வேறு வேலை தேடிப் போயிருக்கலாம்.

நிறுவனத்தின் ‘மேட்சிங்’ வசதியைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். நம்மவர்கள் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனங்களில் பல, ஊழியர் கொடுக்கும் தொகைக்கு ஈடாக இன்னொரு பங்கு தருகின்றன. விண்ணப்பிக்கும்போது பெயரை மட்டும் நம்பாதீர்கள். பள்ளி, பிடிஏ, அறக்கட்டளை மூன்றின் பெயரும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். ஒன்பது இலக்க வரி எண்ணைச் சரிபார்த்து நிரப்புங்கள்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன்.

அறக்கட்டளைகள் பெரும்பாலும் ஆசிரியர்களுக்கு ‘மினி கிராண்ட்’ தருகின்றன. சில நூறு டாலர்தான், சில ஊர்களில் ஆயிரத்தைத் தாண்டும். தன் வகுப்புக்கு என்ன வேண்டும் என்று ஆசிரியரே எழுதிக் கேட்கலாம். அமெரிக்க ஆசிரியர்கள் கைக்காசைப் போட்டு வகுப்புக்குப் பொருள் வாங்குவது அவ்வளவு சாதாரணம். அதற்கென்றே வருமான வரியில் ஒரு கழிவு இருக்கிறது. 2022-இல் அதை 250 டாலரிலிருந்து 300 டாலராக உயர்த்தினார்கள். அந்தச் சுமையில் கொஞ்சத்தை இறக்கிவைக்கத்தான் இந்தக் கிராண்ட். ஆனால் நல்ல ஆசிரியர்கள் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. நாள் முழுவதும் பாடம் நடத்தி, இரவில் நோட்டுத் திருத்துகிறவருக்குப் படிவம் நிரப்ப நேரம் ஏது?

அங்கே நீங்கள் போய் நில்லுங்கள். பெற்றோர் சந்திப்பு முடியும்போது, “இந்த ஆண்டு கிராண்டுக்கு எழுதுகிறீர்களா? விலை விசாரித்துத் தரட்டுமா?” என்று கேளுங்கள். யோசனை ஆசிரியருடையதாகவே இருக்கட்டும்; எடுபிடி வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். விலைப் பட்டியலில் விற்பனை வரியும் அனுப்புகூலியும் சேர்ந்திருக்க வேண்டும். நுண்ணோக்கி கேட்டால் கண்ணாடித் தகடுகளையும் சேர்த்துக் கேளுங்கள். கணினி, டேப்லட், மென்பொருள் எதுவானாலும் பள்ளி மாவட்டத்தின் தொழில்நுட்பத் துறை முதலில் சரியென்று சொல்ல வேண்டும். தலைமையாசிரியர் கையொப்பமும் வேண்டும். கையொப்பம் கடைசி நாளில் கிடைக்காது.

படிக்கிறவளாகச் சொல்கிறேன்: “மாணவர்களின் ஈடுபாட்டை மேம்படுத்தும்” என்ற வரி எனக்கு எதையும் சொல்வதில்லை. “என் இரண்டாம் வகுப்பில் ஆறு குழந்தைகளுக்கு இன்னும் எழுத்துக்கூட்டி வாசிக்க வரவில்லை. நூலகத்தில் அவர்கள் நிலைக்கு ஏற்றவை மழலையர் புத்தகங்களே. அவற்றை எடுக்க வெட்கப்படுகிறார்கள். எளிய சொற்களில், அவர்கள் வயதுக்கேற்ற கதைகள் வேண்டும்” என்று எழுதினால் அந்தக் குழந்தைகள் கண்முன்னே வந்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டும் அந்தப் பொருள் பயன்படுமா என்பதையும் ஒரு வரியில் சொல்லச் சொல்லுங்கள். கிராண்டில் வாங்கியது பொதுவாகப் பள்ளிக்குச் சொந்தம். ஆசிரியர் மாறிப் போனாலும் வகுப்பில் இருக்கும்.

குழுவில் சேர்ந்து விண்ணப்பம் படிக்கவும் வாருங்கள். சில மாலைகள் ஒதுக்கினால் போதும். வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைக்கு என்ன தேவை என்பது நம்மைப் போன்றவர்களுக்குச் சட்டென்று புரியும். அந்தக் குரல் குழுவில் இருக்க வேண்டும்.

உங்கள் ஊரில் அறக்கட்டளை இல்லையென்றால் ‘டோனர்ஸ்சூஸ்’ தளத்தைப் பாருங்கள். நியூயார்க் நகரின் பிராங்ஸில் ஆசிரியராக இருந்த சார்லஸ் பெஸ்ட் 2000-இல் தொடங்கியது. ஆசிரியர் கேட்ட பொருளுக்கு நேரடியாகக் கொடுக்கலாம்.

ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பணக்கார ஊரின் அறக்கட்டளை எளிதாகத் திரட்டிவிடுகிறது. பக்கத்து ஊரால் முடிவதில்லை. ஒரே மாவட்டத்துக்குள்ளும் இது நடக்கும். ஓரிகானின் போர்ட்லாந்தில் பள்ளிக்குப் பள்ளி திரட்டியபோது, முதல் 10,000 டாலர் போக மீதியில் மூன்றில் ஒரு பங்கைப் பொது நிதிக்குத் தர வேண்டும் என்று பல ஆண்டுகள் விதி வைத்திருந்தார்கள். அப்படி ஒரு விதி மாவட்டங்களுக்கு இடையே கிடையாது. பாலோ ஆல்டோவிலிருந்து 101 நெடுஞ்சாலையைத் தாண்டினால் கிழக்குப் பாலோ ஆல்டோ. அங்குள்ள பள்ளிகளுக்காக ரேவன்ஸ்வுட் கல்வி அறக்கட்டளை இருக்கிறது. சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் பலர் அதற்குக் கொடுக்கிறார்கள். நீங்கள் ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை இப்படி அடுத்த ஊர்ப் பள்ளிக்கும் அனுப்புங்கள். உங்கள் நிறுவனம் பொதுவாக அதற்கும் ‘மேட்சிங்’ தரும்.