பசுமைத் தொழில்நுட்பத் திட்டத்துக்கு நிதி கேட்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழில்நுட்பத் திட்டம் ஒன்றில் சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்யும் மாற்றத்தை முன்மொழிந்தால், கூட்டத்தில் யாரும் எதிர்ப்புச் சொல்வதில்லை. எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அப்புறம் பட்ஜெட் முடிவாகும் நாளில் அந்தத் திட்டம் மட்டும் பட்டியலில் இருக்காது. நிர்வாகத்துக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அப்படித் தள்ளிப்போன முன்மொழிவுகளை எடுத்துப் படித்தால், நிதி அதிகாரி நம்பிக் கையெழுத்துப் போட அதில் பிடிமானமே இருக்காது. யார் செலவழிக்கிறார், யாருக்கு மிச்சம், அந்த மிச்சம் எந்த மீட்டரில் தெரியும்? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் இல்லாத முன்மொழிவு எவ்வளவு நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டாலும் நகராது.

உலகக் கணக்கில் தொடங்குவது

2024-இல் உலகின் டேட்டா சென்டர்கள் ஏறக்குறைய 415 டெராவாட் மணி, அதாவது 41,500 கோடி யூனிட் மின்சாரம் எடுத்தன. உலக மின்நுகர்வில் அது சுமார் 1.5%. 2030-க்குள் அது இரு மடங்குக்கும் மேலாகலாம் என்று சர்வதேச எரிசக்தி முகமை கணித்திருக்கிறது. இந்த எண்கள் கவலைக்குரியவைதான். ஆனால் உங்கள் நிறுவனத்தின் 40 சர்வர்களை என்ன செய்வது என்று அவை சொல்வதில்லை. முதல் பக்கத்தில் உங்கள் சர்வர்களின் கணக்கு வரட்டும். உலகக் கணக்கு தேவைப்பட்டால் பின்னிணைப்பில் இருக்கட்டும்.

அடிப்படை அளவு இல்லாமல் சேமிப்பைச் சொல்வது

பெரும்பாலான முன்மொழிவுகள் விழுவது இங்கேதான். எனவே ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

40 சர்வர்கள், ஒவ்வொன்றும் சராசரியாக 200 வாட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 8 கிலோவாட். ஆண்டுக்கு 8,760 மணி நேரம் ஓடினால் 70,080 யூனிட். குளிரூட்டல், யூபிஎஸ் இழப்பு எல்லாம் சேர்த்து, கணினிகள் எடுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கட்டடம் 1.5 யூனிட் எடுக்கிறது என்றால் 1,05,120 யூனிட். இந்த 1.5 என்ற விகிதத்தைத்தான் டேட்டா சென்டர்காரர்கள் பியூஇ என்பார்கள்.

இப்போது 15 சர்வர்களை நிறுத்திவிட்டு, அவற்றின் வேலையை மீதமுள்ள 25-க்கு மாற்றுவதாகத் திட்டம். அவசரமாக எழுதுபவர் 15 × 200 வாட்டை அதே 8,760 மணி நேரத்தாலும் 1.5-ஆலும் பெருக்கி, ஆண்டுக்கு 39,420 யூனிட் மிச்சம் என்று போட்டுவிடுவார். ஆனால் அந்த வேலை எங்கும் போய்விடவில்லை. மீதமுள்ள 25 சர்வர்களும் இன்னும் கொஞ்சம் உழைக்கும். ஒவ்வொன்றும் 230 வாட்டுக்கு ஏறினால் உண்மையான மிச்சம் 29,565 யூனிட்தான், சொன்னதைவிடக் கால் பங்கு குறைவு. நிதிப் பிரிவில் ஒருவர் இந்த இடத்தைப் பிடித்துவிட்டால், மற்ற எண்களையும் அவர் நம்பமாட்டார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சும்மா இருக்கும் சர்வரும் மின்சாரம் குடிக்கும். கூகுளின் பொறியாளர்கள் பரோசோவும் ஹோல்ஸ்லேவும் 2007-இல் சர்வர்களின் மின்நுகர்வைப் பற்றி எழுதியபோது, திறமையான சர்வர்கூட வேலையே இல்லாத நேரத்தில் உச்ச அளவில் ஏறக்குறைய பாதியை எடுக்கிறது என்று காட்டினார்கள். அதன் பிறகு வந்த சர்வர்கள் முன்னேறியிருக்கின்றன, ஆனால் காலியாக ஓடும் சர்வரின் செலவு மறைந்துவிடவில்லை. வேலையை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய சர்வரை ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஓடவிட்டால் மிச்சம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆகவே முன்மொழிவில் ‘எந்தத் தேதியில் எந்தச் சர்வர் அணைக்கப்படும்’ என்ற வரி கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று: ஒன்றுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதுதான் ஒப்பீட்டின் மறுதட்டு. அடுத்த ஆண்டு அந்தச் சர்வர்களை எப்படியும் மாற்றத்தான் போகிறார்கள் என்றால், புதிய சர்வர்களால் வரும் மிச்சம் முழுவதையும் உங்கள் திட்டத்தின் கணக்கில் எழுத முடியாது.

சதவீதம், ஆனால் எதில்?

2016-இல் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்டின் இயந்திரக் கற்றலைக் கொண்டு, கூகுள் தன் டேட்டா சென்டரில் குளிரூட்டலுக்கான மின்சாரத்தை 40% வரை குறைத்தது. அருமையான வேலை. ஆனால் அந்த 40 முன்மொழிவுகளுக்குள் வரும்போது ‘மின்சாரத்தில் 40% மிச்சம்’ என்று ஆகிவிடுகிறது. பியூஇ 1.5 உள்ள இடத்தில் குளிரூட்டலுக்கு 0.4 போகிறது என்றால், அதில் 40% என்பது 0.16. மொத்த 1.5-இல் அது 11 சதவீதத்துக்கும் குறைவு.

பியூஇ-யை இலக்காக வைப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. கணினிகள் 100 யூனிட்டும் மற்றவை 50 யூனிட்டும் எடுக்கும் அறையில், மென்பொருளைத் திருத்திக் கணினிகளின் தேவையை 80-க்குக் கொண்டுவருகிறீர்கள். குளிரூட்டல் அதே விகிதத்தில் இறங்காது, 45-க்கு வருகிறது என்று கொள்வோம். மொத்தம் 150-இலிருந்து 125 ஆனது, நல்ல வெற்றி. பியூஇ மட்டும் 1.5-இலிருந்து 1.56-க்கு ஏறிவிட்டது! அறிக்கையில் அந்த ஒரு எண் மட்டும் இருந்தால், நல்ல வேலை செய்த குழு தோற்றதாகவே தெரியும். மொத்த யூனிட்டையும் பக்கத்திலேயே போடுங்கள்.

செலவு ஒரு துறைக்கு, மிச்சம் இன்னொரு துறைக்கு

என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான், அதிகம் பேசப்படாததும் இதுதான். சர்வர் அறையின் மின்கட்டணத்தைப் பல நிறுவனங்களில் கட்டடப் பராமரிப்புத் துறை கட்டுகிறது. புதிய சாதனம் வாங்கும் பணமோ ஐடி துறையின் பட்ஜெட்டிலிருந்து போகிறது. ஐடி தலைவர் தன் பணத்தைச் செலவழித்து வேறொருவரின் பில்லைக் குறைக்க வேண்டும், அதுவும் ஆண்டு முடிவில் பட்ஜெட்டைத் தாண்டிவிட்டதாக அவர் பெயரே வரும். கொள்முதல் துறைக்கு வாங்கும் விலையைக் குறைத்தால்தான் பாராட்டு. ஐந்து ஆண்டு மின்செலவு அவர்கள் கணக்கிலேயே வராது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, ஒவ்வொருவரும் தன் வேலையைச் சரியாகச் செய்கிறார்கள். திட்டம் மட்டும் நின்றுபோகிறது.

இதை உரையாற்றித் தீர்க்க முடியாது, பட்ஜெட் வரிகளில்தான் தீர்க்க வேண்டும். முன்மொழிவை எழுதுவதற்கு முன்பே மின்கட்டணம் கட்டும் துறையிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். மிச்சத்தில் ஒரு பகுதியை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஐடி பட்ஜெட்டுக்கு மாற்ற எழுத்துமூலம் ஒப்புதல் வாங்குங்கள். அல்லது செலவையே நிறுவனத்தின் பொது மூலதனத்திலிருந்து கேளுங்கள். பெரிய அளவில் இதற்கு ஒரு முன்மாதிரியும் உண்டு: மைக்ரோசாஃப்ட் 2012-லிருந்து தன் வணிகப் பிரிவுகளிடம் அவரவர் கார்பன் உமிழ்வுக்கு உள்கட்டணம் வசூலித்துவருகிறது. உமிழ்வு அந்தந்தப் பிரிவின் கணக்கில் செலவாகத் தெரியும்போது, குறைப்பதில் அந்தப் பிரிவுக்கே ஆர்வம் வருகிறது.

கிளவுடில், அதாவது இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் சர்வர்களில், இந்தச் சிக்கல் குறைவு, ஏனென்றால் பயன்படுத்தும் குழுவின் பெயரிலேயே பில் வரும். அதனால் முதல் திட்டத்தை அங்கே தொடங்குவது நல்லது. சோதனைச் சர்வர்களை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம் ஓடுகின்றன, வேலை நடப்பதோ நாளுக்கு 12 மணி வீதம் ஐந்து நாள், மொத்தம் 60 மணி நேரம். மற்ற நேரத்தில் தானாக அணையும்படி செய்தால் ஓடும் நேரம் 64% குறைகிறது. ஆனால் இங்கேயும் பில்லைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஓர் ஆண்டுக்கு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்ட சர்வர்களை அணைத்தாலும் கட்டணம் குறையாது. சேமிப்பகத்துக்கான கட்டணமும் ஓடிக்கொண்டே இருக்கும்.

மின்சாரத்தை மட்டும் எண்ணுவது

ஒரு மடிக்கணினியின் ஆயுள்கால உமிழ்வில் பெரும்பகுதி, அதை நீங்கள் திறப்பதற்கு முன்பே, தயாரிப்பிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அதனால் ‘மின்சாரம் குறைவாக எடுக்கும் புதிய மாடலுக்கு எல்லோரையும் மாற்றுவோம்’ என்ற முன்மொழிவு பசுமையாகத் தோன்றினாலும், கணக்குப் போட்டால் பெரும்பாலும் எதிர்மாறாகவே வரும். ஒரு மடிக்கணினியைத் தயாரிக்க 300 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்துக்கொண்டால், மூன்று ஆண்டில் மாற்றுபவருக்கு ஆண்டுக்கு 100 கிலோ, ஐந்து ஆண்டு வைத்திருப்பவருக்கு 60 கிலோ. வாங்கும் செலவும் அதே விகிதத்தில் இறங்குகிறது. புதிய பேட்டரி, கூடுதல் நினைவகம், பாதுகாப்பு அப்டேட் எதுவரை கிடைக்கும் என்ற மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் போதும். இதைவிட எளிதாக ஒப்புதல் கிடைக்கும் பசுமைத் திட்டத்தை நான் பார்த்ததில்லை.

பெரிய நிறுவனங்களின் கணக்கிலும் இது தெரிகிறது. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் 2023-இல் தன் சர்வர்களின் கணக்குமுறை ஆயுளை நான்கு ஆண்டிலிருந்து ஆறு ஆண்டாகவும், சில நெட்வொர்க் சாதனங்களுடையதை ஐந்திலிருந்து ஆறாகவும் நீட்டியபோது, அந்த ஓர் ஆண்டின் தேய்மானச் செலவிலேயே முன்னூறு கோடி டாலருக்கு மேல் குறைந்தது.

இதை விதியாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இரவும் பகலும் ஓடும் பழைய சர்வர், நிலக்கரி மின்சாரம் வரும் இடத்தில் இருந்தால், மாற்றுவதே நல்லதாக இருக்கலாம். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2014-இல் தந்த இடைநிலை மதிப்பின்படி உமிழ்வு நிலக்கரியில் ஒரு யூனிட்டுக்கு சுமார் 820 கிராம், காற்றாலையில் 11 அல்லது 12 கிராம். இடத்துக்கு இடம் விடை மாறும். மின்சாரம், அதன் கார்பன் அளவு, வன்பொருள் தயாரிப்பு மூன்றையும் சேர்த்து, ஒரு பயனருக்கு அல்லது ஒரு பரிவர்த்தனைக்கு எவ்வளவு என்று கணக்கிடும் முறையைக் கிரீன் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு உருவாக்கியது. 2024-இல் அது ஐஎஸ்ஓ தரநிலையும் ஆனது. புதிதாக ஒரு சூத்திரம் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

சான்றிதழை மிச்சமாகக் காட்டுவது

‘எங்கள் கிளவுட் நிறுவனம் முழுவதும் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வாங்குகிறது, ஆகவே எங்கள் உமிழ்வு பூஜ்யம்’ என்று எழுதிவிட்டால், அடுத்த பத்தியில் நீங்கள் சொல்லப்போகும் எந்தத் திறன் மேம்பாட்டுக்கும் கார்பன் மதிப்பு இருக்காது. பூஜ்யத்தை எதற்குக் குறைக்க வேண்டும் என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். நிறுவனங்களின் உமிழ்வைக் கணக்கிடும் விதிமுறைகளை வகுக்கும் ஜிஹெச்ஜி புரோட்டோகால் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டி, வாங்கிய மின்சாரத்தின் உமிழ்வை இரண்டு விதமாகக் காட்டச் சொல்கிறது: அந்த இடத்து மின்கட்டமைப்பின் சராசரியை வைத்து ஒன்று, நிறுவனம் செய்த மின் ஒப்பந்தங்களையும் வாங்கிய புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றிதழ்களையும் வைத்து இன்னொன்று. முதல் கணக்கை முன்மொழிவிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

வேறிடத்தில் நடக்கும் உமிழ்வுக் குறைப்புக்குப் பணம் கொடுத்து வாங்கும் கார்பன் ஈடுகளை நம்பி ‘கார்பன் நடுநிலைப் பொருள்’ என்று விளம்பரம் செய்யும் ஆதாயத்தைக் கணக்கில் சேர்ப்பதும் இப்போது ஆபத்து. ஐரோப்பிய ஒன்றியத்தில் நுகர்வோரிடம் அப்படிச் சொல்வதற்கு 2026 செப்டம்பர் 27 முதல் தடை.

நற்பெயருக்கு விலை போடுவது

நிறுவனத்தின் மதிப்பு உயரும், திறமைசாலிகள் வேலைக்கு வருவார்கள் என்பதற்கெல்லாம் ஒரு தொகை கட்டி அட்டவணையில் சேர்த்தால், உறுதியான மின்சேமிப்பும் அதோடு சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகும். இவற்றைத் தொகை இல்லாமல் தனிப் பத்தியாக எழுதுங்கள். இதைவிட வலுவான சான்று விற்பனைப் பிரிவிடம் இருக்கும்: கடந்த ஆண்டு வந்த டெண்டர்களில் எத்தனை உமிழ்வு விவரம் கேட்டன, பதில் இல்லாததால் எதில் மதிப்பெண் போனது என்று அவர்களிடம் கேளுங்கள். உமிழ்வுக்கு எதிர்காலத்தில் கட்ட நேரிடக்கூடிய கார்பன் விலையையும் ஒற்றை எண்ணாகப் போடாமல், பூஜ்யம், நடுத்தரம், அதிகம் என்று மூன்றாகக் காட்டுங்கள். விலை பூஜ்யமாக இருந்தாலும் திட்டம் தாங்கும் என்று காட்ட முடிந்தால் விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

ஒப்புதலோடு நிறுத்திக்கொள்வது

திறன் கூடினால் பயன்பாடும் கூடும். நீராவி எந்திரங்கள் சிக்கனமானபோது நிலக்கரிப் பயன்பாடு கூடியதை ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் ஜெவன்ஸ் 1865-இலேயே கவனித்தார். இன்றும் அதுதான் நடக்கிறது. உலகிலேயே சிக்கனமான டேட்டா சென்டர்களில் பலவற்றை நடத்தும் கூகுளின் உமிழ்வு, 2019-ஐ ஒப்பிட 2023-இல் 48% கூடியிருந்தது. டேட்டா சென்டர்களின் மின்நுகர்வும் விநியோகச் சங்கிலியும்தான் முக்கியக் காரணங்கள் என்று அந்த நிறுவனமே சொன்னது. காலியான சர்வரில் அடுத்த மாதமே வேறு வேலை ஏறிவிட்டால், உங்கள் 29,565 யூனிட்டும் அப்படியே கரைந்துவிடும்.

அதனால் அளக்கும் செலவையும் முன்மொழிவிலேயே கேளுங்கள். சர்வர் அடுக்குகளுக்குத் தனி மீட்டர், ஒரு பரிவர்த்தனைக்கு எவ்வளவு என்ற எண், மொத்தம் எவ்வளவு என்ற எண், இந்த இரண்டையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிதிப் பிரிவுக்கு அனுப்பும் ஒருவரின் பெயர். திட்டம் தொடங்குவதற்கு முந்தைய மூன்று மாத அளவீடும் கையில் வேண்டும். பழைய சர்வர்கள் அணைந்த பிறகு அதை யாராலும் எடுக்க முடியாது. ஆகவே மீட்டருக்கான ஒப்புதலை முதலில் தனியாக வாங்கிப் பொருத்திவிட்டு, அது அளந்துகொண்டிருக்கும்போதே மற்றதை எழுதத் தொடங்குங்கள்.