வயதேறும் ரன்னிங் பேக்குக்கு மறுபடியும் ஒப்பந்தம் தரலாமா: கணக்குப் பார்க்கும் முறை

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு ரன்னிங் பேக் இருபத்தெட்டு வயதைத் தொட்டுவிட்டால், அணி நிர்வாகம் அவருடைய ஆண்டுகளை விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிடும். பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் புகுவதே அவர் வேலை. அநேகமாக ஒவ்வொரு ஓட்டமும் மோதலில்தான் முடிகிறது. ஆகவே பிறந்த ஆண்டைப் பார்ப்பதற்கு முன், இதுவரை எத்தனை முறை பந்தை ஏந்தி ஓடியிருக்கிறார் என்று பாருங்கள்.

சியாட்டில் சீஹாக்ஸ் அணியின் ஷான் அலெக்சாண்டர் 2005ஆம் ஆண்டுப் பருவத்தில் 370 முறை ஓடி 1,880 யார்டு சேர்த்தார், அமெரிக்கக் கால்பந்தின் முதன்மையான என்.எஃப்.எல். லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதையும் வென்றார். 2006 மார்ச்சில் எட்டு ஆண்டுகளுக்கு 6.2 கோடி டாலர் மதிப்பிலான ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்தது. அடுத்த பருவத்தில் பாத எலும்பு முறிந்து 896 யார்டோடு நின்றார். அதற்கடுத்த பருவத்தில் 716. 2008 ஏப்ரலில் அணி அவரை விடுவித்தது. ஆனால் பழி முழுவதையும் வயதின் தலையில் கட்டிவிட முடியாது. அவருக்கு முன்னால் நின்று வழி திறந்துவிட்ட இடப்பக்க கார்டு ஸ்டீவ் ஹட்சின்சன், அலெக்சாண்டருக்கு ஒப்பந்தம் கிடைத்த அதே 2006 மார்ச்சில் மினசோட்டா வைக்கிங்ஸ் அணிக்குப் போய்விட்டார். ஓடுபவரைத் தக்கவைத்து, வழி திறப்பவரைக் கைநழுவ விட்டதுதான் சியாட்டில் செய்த பெரிய பிழை என்பது என் கருத்து.

எனவே அடுத்ததாக, சேர்த்த யார்டுகளில் வீரரின் சொந்தப் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய வேண்டும். கடைசி ஐந்தாறு ஆட்டங்களின் பதிவை எடுத்து, தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் பந்தைக் கையில் கொடுக்கும் கணத்தில் நிறுத்துங்கள். தற்காப்பு வீரர்களில் எத்தனை பேர் முன்வரிசையை ஒட்டி நெருங்கி நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, பிறகு மெல்ல ஓடவிடுங்கள். முதல் கை அவர்மேல் படும்போது அவர் எங்கே இருக்கிறார்? தோள் பட்ட பிறகும் கால்கள் ஓயாமல் இன்னும் இரண்டு மூன்று யார்டு இழுத்துச் செல்கின்றனவா, அல்லது பட்ட இடத்திலேயே சாய்கிறாரா? திறந்த வெளி கிடைத்தபோது, முன்பு பிடிபடாதவர் இப்போது பின்னாலிருந்து துரத்தி வருபவரிடம் பிடிபடுகிறாரா? பெயர் மட்டும் மணக்கிற காலிப் பெருங்காய டப்பாவை இந்தக் காட்சிகள் காட்டிக் கொடுத்துவிடும்.

பிறகு பணம். தலைப்புச் செய்தியில் வரும் மொத்தத் தொகையை மறந்துவிட்டு, விடுவித்தாலும் தந்தாக வேண்டிய உத்தரவாதத் தொகையையும், கையெழுத்திடும்போது தரும் போனஸையும் மட்டும் பாருங்கள். நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் 2 கோடி டாலர் போனஸ் தரப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பணம் முன்கூட்டியே வீரர் கைக்குப் போனாலும், ஓர் அணி ஓராண்டில் வீரர்களுக்குச் செலவிட லீக் விதித்திருக்கும் சம்பள உச்சவரம்புக் கணக்கில் அது ஆண்டுக்கு 50 லட்சமாகப் பிரித்து எழுதப்படும். இரண்டு ஆண்டு முடிந்ததும் அவரை விடுவித்தால், மீதி 1 கோடி டாலர், களத்தில் இல்லாத ஒருவருக்காக உச்சவரம்பில் இடத்தை அடைத்துக்கொள்ளும். வயதேறிய வீரருக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் உத்தரவாதம் தராதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்படிச் செய்து பலன் கண்ட அணியும் உண்டு. டெனசி டைட்டன்ஸிலிருந்து வெளியே வந்த டெரிக் ஹென்றியை, 30 வயதில், 2024 மார்ச்சில் பால்டிமோர் ரேவன்ஸ் இரண்டு ஆண்டுகளுக்கு 1.6 கோடி டாலருக்கு எடுத்தது. உத்தரவாதம் 90 லட்சம். அந்த ஆண்டு ஓர் அணிக்கான உச்சவரம்பு 25.54 கோடி என்பதை நினைத்தால் இது சிறிய தொகை. முந்தைய பருவத்தில் 1,167 யார்டு எடுத்திருந்தவர் பால்டிமோரில் 1,921 எடுத்தார். குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சனே எந்த நொடியிலும் ஓடிவிடக்கூடியவர். அவரையும் கண்காணிக்க வேண்டியிருந்ததால் எதிரணியால் ஹென்றியை மட்டும் குறிவைக்க முடியவில்லை. உங்கள் அணியில் அத்தகைய துணை இல்லையென்றால் ஹென்றியை உதாரணம் காட்டி வாதிடாதீர்கள்.

மாற்று வீரரின் விலையையும் பார்த்துவிடுங்கள். அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 2022இல் மலிவாகக் கிடைக்கும் கடைசிச் சுற்றான ஏழாவது சுற்றில் எடுத்த ஐசையா பசேக்கோ, அந்தப் பருவத்திலேயே லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை வென்ற அணியின் முதன்மை ரன்னிங் பேக்காக ஆடினார்.

எஞ்சியிருப்பது ரசிகர்களின் பாசம். அதைச் சம்பளக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. லீக்கின் மொத்த ஓட்ட யார்டு சாதனையை 2002இல் முறியடித்த எம்மிட் ஸ்மித்தை, சில மாதங்களிலேயே டல்லாஸ் கவ்பாய்ஸ் விடுவித்தது. அவர் அரிசோனாவில் இரண்டு பருவங்கள் ஆடினார். 2005இல் கவ்பாய்ஸ் அவரை அழைத்து ஒரு நாள் ஒப்பந்தம் தந்தது. டல்லாஸ் வீரராகவே அவர் ஓய்வு பெற்றார்.