திருச்சி விமானம் ஏறும் முன் அத்தைக்கு ஒரு போன் போடுங்கள்

பெட்டியில் என்னென்ன வைப்பது என்று நான் சொல்லப்போவதில்லை. வைக்கக் கூடாதது ஒன்று உண்டு: சமையலறைத் தராசு. நான் வைத்தேன்.

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) என் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு, 27.8 என்றார்கள். சிங்கப்பூரில் 23-ஐத் தொட்டாலே எச்சரிக்கை, 27.5-க்கு மேல் போனால் ஆபத்து அதிகம் என்று கணக்கு. நாலு மாதம் ஒழுங்காக இருந்தேன். தட்டில் பாதி காய்கறி, பழம், கால்வாசி சோறு, மீதிக் கால்வாசி மீன், முட்டை, பருப்பு. லிட்டில் இந்தியாவில் தேக்கா பிரியாணிக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆறு கிலோ குறைந்தது. அந்தத் திமிரோடுதான் ஊருக்குப் போனேன்.

பட்டுக்கோட்டைப் பக்கம் அத்தை வீடு. வாசலிலேயே, “என்னப்பா இப்படி எளச்சிட்ட, அங்க சோறு கெடைக்கலியா?” அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சமைத்திருக்கிறார். நாட்டுக்கோழிக் குழம்பின் மேல் ஒரு விரல் தடிமனுக்கு எண்ணெய் மிதக்கிறது. வஞ்சிர வறுவல், உருளைக்கிழங்கு வறுவல், பருப்பு, நெய், அதிரசம். நான் தராசை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்து, சோற்றை ஒரு கிண்ணத்தில் போட்டு நிறுத்தேன். 150 கிராம். பந்தியில் பேச்சு நின்றுவிட்டது. பக்கத்து இலைப் பெரியவர், “நகை நிறுக்குறதா தம்பி?” என்று கேட்டார்.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. நெய்க் கிண்ணியோடு வந்தார். நான் இலையைக் கையால் மறைத்தேன். சூடான நெய் என் விரல் முட்டியில் விழுந்து மணிக்கட்டு வரை ஓடியது. “ஒரு மேசைக்கரண்டி நெய்ல நூறு கலோரிக்கு மேல இருக்கு அத்தை” என்றேன். சரியான தகவல்தான். சொன்ன இடம்தான் தப்பு.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க, “சிங்கப்பூர்க்காரன் சோத்த நிறுத்துப் பாத்துத்தான் திங்கிறானாம்.” மறுநாள் மன்னார்குடியிலிருந்து சித்தப்பா சமாதானம் பேச வந்தார். பேச்சு நெய்யில் தொடங்கியது; எங்கே போய் முடிந்தது என்கிறீர்கள்? “பெத்த அப்பன் செத்ததுக்கு வந்தவன், பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட நிக்காம ஏரோப்பிளேன் ஏறுனவன்தானே.” எனக்கு அன்று கிடைத்த விடுப்பு நாலு நாள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குச் சமையலறைப் பக்கம் போனேன். அத்தை தரையில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் பழைய சோறு, நிறைய மோர், நாலு சின்ன வெங்காயம், முந்தின நாள் முருங்கைக்கீரைப் பொரியல். மருந்தகத்தில் எனக்குப் படம் போட்டு விளக்கிய சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டில் அதுதான் பக்கத்தில் வரும். “எனக்கும் இதையே குடுங்க” என்றேன். “விருந்தாளிக்கு யாராச்சும் பழையதப் போடுவாங்களா?” என்றார். அந்த ‘விருந்தாளி’ நெய்யைவிடச் சுட்டது.

ஆகவே, டிக்கெட் எடுத்த கையோடு போன் போட்டு, “நீங்க தினம் சாப்பிடுறதத்தான் சாப்பிடணும்போல இருக்கு” என்று கேளுங்கள். டாக்டர், கலோரி என்ற சொற்களை வாயில் எடுக்காதீர்கள். முருங்கைக்கீரை கேளுங்கள்: 100 கிராம் பச்சைக் கீரையில் 64 கலோரிதான், சுண்ணாம்புச் சத்தோ 185 மில்லிகிராம். புடலை, சுரை, பீர்க்கு எல்லாம் பெரும்பாலும் தண்ணீர். வயிறு நிறையும், கலோரி ஏறாது. தேங்காயை அள்ளிப் போட்டால் கதை மாறும், 100 கிராம் தேங்காய் 350 கலோரி. மீனைக் குழம்பாகக் கேளுங்கள், வறுவல் வேண்டாம். மத்தியும் நெத்திலியும் வஞ்சிரத்தைவிட மலிவு, சத்தில் குறைச்சலில்லை. பஸ் ஸ்டாண்டில் பசித்தால் கொய்யா: 100 கிராமுக்கு 68 கலோரி, வைட்டமின் சி ஆரஞ்சைப்போல நாலு மடங்கு.

‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பார்கள். கொள்ளில் புரதமும் நார்ச்சத்தும் உண்டு, பசி தாங்கும்; ஆனால் அது தொப்பையைக் கரைக்கும் மருந்தில்லை. சிறுதானியம் என்று பலகை மாட்டிய ஓட்டல்களையும் நம்பாதீர்கள். தினை, வரகின் கலோரி கிட்டத்தட்ட அரிசியுடையதுதான். நார்ச்சத்து கூடுதல், அவ்வளவே. நெய்யில் குளித்த தினைப் பொங்கலும் பொங்கல்தான்.

இங்கே சிங்கப்பூரில் சர்க்கரை, கொழுப்பு அளவைக் காட்டப் பானங்களில் ‘ஏ’ முதல் ‘டி’ வரை எழுத்துப் போட்டு 2022 டிசம்பர் 30 முதல் நம்மைப் பழக்கிவிட்டார்கள். அங்கே டீக்கடையில் நீங்கள்தான் “சக்கர கம்மி” என்று வாயைத் திறக்க வேண்டும், அதுவும் மாஸ்டர் ஆற்றத் தொடங்கும் முன்பே. சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவர்கள் சாப்பாட்டைத் தன்னிஷ்டத்துக்குக் குறைக்காதீர்கள், மயக்கம் வரலாம்.

கிளம்பும் நாளில் முறுக்கு டின்னைப் பெட்டியில் திணிக்க இடமில்லை. தராசை எடுத்து வெளியே வைத்தேன். “வச்சிட்டுப் போ, புளி நிறுக்க ஆவும்” என்றார் அத்தை.

திரும்பி வந்து பார்த்தால் 1.4 கிலோ கூடியிருந்தது. நேற்று போனில் அத்தை கேட்கிறார்: “தம்பி, ஒரு ஆளுக்கு எத்தன கிராமு சோறுன்னு சொன்ன?”