மார்கழியில் நீலகிரிக்கு மோட்டார் சைக்கிளில் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பரில் சென்னையிலிருந்து உதகைக்கு மோட்டார் சைக்கிளில் புறப்படுகிறவர், ஏறத்தாழ 550 கிலோமீட்டர் தொலைவுக்குள் இரண்டு பருவங்களைக் கடக்கிறார். சமவெளியில் வடகிழக்குப் பருவமழை இன்னும் ஓய்ந்திருக்காது. மலைமேல் பனிக்காலம் தொடங்கியிருக்கும். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்திலும், உதகை 2,240 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்ற கணக்கின்படி, குன்னூர் வழியான அந்த 50 கிலோமீட்டர் சாலையில் மட்டும் ஏறக்குறைய 12 டிகிரி வெப்பத்தை நாம் இழக்கிறோம். மழைக்கு ரெயின்கோட், குளிருக்கு ஸ்வெட்டர் என்று இரண்டையும் தனித்தனித் தொல்லைகளாக எண்ணித்தான் பெரும்பாலோர் மூட்டை கட்டுகின்றனர். ஆனால் மேலே போய் எவ்வளவு நடுங்குவோம் என்பதை, கீழே எவ்வளவு நனைந்தோம் என்பதே தீர்மானிக்கிறது. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை, இந்தத் தொடர்பைக் காணாததால் நேர்பவைதான்.

முதல் தவறு, கனமான உடை என்றாலே கதகதப்பான உடை என்று நம்புவது. கையால் பின்னிய கம்பளி ஸ்வெட்டர் வீட்டு வாசலில் நிற்பவருக்கு மிக நல்ல உடை. வண்டியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு அதன் பின்னலில் உள்ள ஒவ்வொரு துளையும் காற்று நுழையும் வாசல். உடம்பைச் சுற்றி அசையாமல் நிற்கும் காற்றுதான் நமக்கு வெப்பத்தைக் காத்துத் தருகிறது. அந்தக் காற்று கலைந்துவிட்டால் எத்தனை கம்பளி அணிந்திருந்தாலும் பயனில்லை. அமெரிக்காவும் கனடாவும் 2001-இல் ஏற்றுக்கொண்ட காற்றுக்குளிர்ச்சிச் சூத்திரத்தைப் பொருத்திப் பார்த்தால், 10 டிகிரி வெப்பநிலையில் 60 கிலோமீட்டர் வேகக் காற்று படும் வெறும் தோலுக்கு அது 5 டிகிரி போல இருக்கும்; 5 டிகிரியில் அதே வேகம் என்றால் உறைநிலைக்கும் கீழே, கழித்தல் 2 டிகிரி போல இருக்கும். ஆகவே ஸ்வெட்டரை உள்ளே அணிந்து, அதற்கு மேல் காற்றுப் புகாத ஒரு மெல்லிய ஜெர்கினை அணிவதே சரியான வரிசை. ஜெர்கின் இல்லாதபோது செய்தித்தாளை நான்காக மடித்து, சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் இடையில் நெஞ்சின்மேல் வைத்துக்கொள்ளும் பழைய வழக்கத்தை இகழ வேண்டியதில்லை. தாள் காற்றைத் தடுக்கும், அது உலர்ந்திருக்கும் வரையில் நன்றாகவே பயன்படும்.

இரண்டாவது தவறு நம் ஊரில் அநேகமாக எல்லோரும் செய்வது. நானும் நெடுநாள் செய்தது. தோலை ஒட்டிப் பருத்தி பனியனும், இடுப்புக்குக் கீழே ஜீன்ஸும் அணிவதைச் சொல்கிறேன். வெயில் நாட்டுக்குப் பருத்தியைப் போல ஏற்ற துணி வேறில்லை. ஏனென்றால் அது வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல ஆவியாக்கி உடம்பைக் குளிர்விக்கும். கோடையில் நாம் விரும்பும் அந்தக் குணமே மலைச்சாலையில் நமக்கு எதிராகத் திரும்புகிறது. அசையாத காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தக்கூடியது என்பதால், ஈர பனியன் என்பது குளிர்ந்த பட்டையொன்றை முதுகில் கட்டிக்கொண்டு போவதற்குச் சமம். மழையே பெய்யாத நாளிலும் இது நேரும். சேலம், அவிநாசி என்று நண்பகல் வெயிலில் ஜாக்கெட்டுக்குள் வியர்த்துவிட்டு, அந்த வியர்வையோடேயே மாலையில் கல்லாறு தாண்டி ஏறினால் போதும். விளையாட்டு வீரர்கள் அணியும் மலிவான பாலியஸ்டர் பனியன் ஈரத்தைத் தேக்கி வைக்காது. மெல்லிய கம்பளி உள்ளாடை ஈரமானாலும் ஓரளவு வெப்பம் காக்கும். இவை எதுவும் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. மேட்டுப்பாளையத்தில் தேநீருக்கு நிறுத்தும்போது உள் பனியனையும் சாக்ஸையும் கழற்றி, உலர்ந்த ஒரு இணையை மாற்றிக்கொள்ள வேண்டும். பல்லாயிரம் ரூபாய் ஜாக்கெட்டைவிட அந்த ஐந்து நிமிடம் அதிகம் காப்பாற்றும் என்பது என் உறுதியான கருத்து.

பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கார்த்திகை மாதத்தில், பெருந்துறை அருகே பெய்த மழையில் முழங்காலுக்குக் கீழே நனைந்த ஜீன்ஸை, காற்றில் காய்ந்துவிடும் என்று எண்ணி மாற்றாமலேயே மலை ஏறினேன். துணி காய்ந்ததுதான், ஆனால் அது காய்வதற்கு வேண்டிய வெப்பம் என் கால்களிலிருந்து போனது. பர்லியாரைக் கடக்கும்போது பிரேக் மிதியில் பாதம் எவ்வளவு அழுந்துகிறது என்பது தெரியவில்லை. குன்னூரில் வண்டியை நிறுத்தியபோது சாவியைத் திருப்ப விரல்கள் பணியவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் அந்தக் கால்களையும் அந்த விரல்களையும் நம்பித்தான் வந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

மழைக்கோட்டு விஷயத்தில் தவறுகள் பல. மழை வலுத்த பிறகு அணிந்துகொள்ளலாம் என்று காத்திருப்பது முதலாவது. சாலையோரத்தில் நின்று பையைத் திறந்து கால்களை நுழைப்பதற்குள் உள்ளாடை வரை நனைந்துவிடும், அதன்பின் அணியும் கோட்டு அந்த ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். வானம் கறுத்திருக்கும்போதே அணிந்துவிட்டால், மழை வராமற்போனாலும் அது காற்றைத் தடுக்கும் மேலுறையாகப் பயன்படும். போர்வை போலத் தொங்கும் தளர்ந்த கோட்டுகள் நடப்பவர்களுக்கு உரியவை. வண்டியில் அவை படபடத்து மேலெழும்பும், சங்கிலியிலோ சக்கரத்திலோ சிக்கினால் ஆளையே கீழே தள்ளிவிடும். மேல்சட்டையும் கால்சட்டையும் தனித்தனியாக உள்ளதை, ஜாக்கெட்டுக்கு மேல் அணியும் அளவுக்குப் பெரிதாக வாங்க வேண்டும். வாங்கும்போது உட்புறத்தைத் திருப்பித் தையல்களின்மேல் பட்டை ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். துணி எவ்வளவு உயர்ந்ததானாலும் பட்டை இல்லாத தையல் ஊசித்துளை வழியே கசியும். உட்கார்ந்திருக்கும்போது மழைநீர் மடியில்தான் தேங்கும் என்பதால், கால்சட்டையின் கவட்டுத் தையலே முதலில் கைவிடும் இடம்.

நீர்புகாத உறை உள்ளே தைக்கப்பட்ட ஜாக்கெட் இருக்கிறதே, மேலே கோட்டு எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. அந்த உறை தோலை நனையாமல் காக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்கு வெளியே உள்ள தடித்த துணி முழுவதும் நீரைக் குடித்துக் கனத்துப் போகும். ஓடும் காற்றில் அந்த நீர் ஆவியாக ஆவியாக, நம் உடம்பின் வெப்பமே அதற்குச் செலவாகும். நனையாமலேயே நடுங்குவதன் காரணம் இதுதான். நீரை வெளிப்புறத்திலேயே நிறுத்துவது எப்போதும் மேலானது. கால்சட்டையின் நுனி காலணிக்கு மேல் விழ வேண்டும். காலணிக்குள் செருகினால் காலணி குடமாகிவிடும். அதுபோல, கைகள் ஹேண்டில்பாரை நோக்கிச் சரிந்திருப்பதால், கையுறையின் விளிம்பு கோட்டின் கைக்குள்ளே அடங்கியிருக்க வேண்டும். வெளியே அகன்று நின்றால் தோளிலிருந்து வழியும் நீரெல்லாம் அதற்குள் இறங்கும். கால்சட்டை சைலன்சரில் பட்டு உருகாதபடி பார்த்துக்கொள்வதும் அவசியம்.

விரல்கள் மரத்துப் போகின்றன என்றதும் எல்லோரும் தடித்த கையுறை வாங்க ஓடுகிறார்கள். உடம்பின் நடுப்பகுதி குளிரத் தொடங்கியதும், இதயம் முதலான உள்ளுறுப்புகளைக் காப்பதற்காக உடல் கை கால்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. நெஞ்சும் கழுத்தும் காற்றுக்குத் திறந்திருக்கும்வரை எந்தக் கையுறையும் விரலைச் சூடாக்காது; கையுறை வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வருவதைக் காக்கும், அவ்வளவுதான். மிகத் தடித்த கையுறை கிளட்சின் உணர்வையும் மறைத்துவிடும். நடுத்தரக் கையுறைக்குள் மருத்துவமனைகளில் பயன்படுத்தும் மெல்லிய ரப்பர் கையுறை ஒன்றை அணிந்தால் மழை நாளில் பேருதவியாக இருக்கும். காலுக்கு இரண்டு மூன்று சாக்ஸ் அணிந்து காலணியை இறுக்கிக் கட்டுவதும் இதே வகைத் தவறுதான். இறுக்கம் இரத்த ஓட்டத்தையும் குறைக்கிறது, உள்ளே இருக்க வேண்டிய காற்றையும் வெளியேற்றுகிறது.

கழுத்தில் சுற்றும் மஃப்ளரின் நுனி காற்றில் பறக்கவே கூடாது. அதை ஜெர்கினுக்குள் முழுதும் செருகிவிட வேண்டும், துப்பட்டாவுக்கும் இது பொருந்தும். தலைக்கவசத்துக்குள் தடித்த கம்பளிக் குல்லா அணிந்தால் கவசம் தலையில் சரியாகப் பொருந்தாது, விபத்தில் அது காக்க வேண்டிய விதத்தில் காக்காது. முகத்தையும் கழுத்தையும் மூடும் மெல்லிய துணி உறையே போதும். மூச்சு பட்டு வைசர் மங்கும்போது அதை முழுதாகத் திறந்துகொண்டு ஓட்டுவதைவிட, ஒரு விரற்கடை மட்டும் திறந்து, மூக்கின்மேல் உள்ள துணியைச் சற்றுத் தாழ்த்திக்கொள்வது நல்லது.

இனி நேரம். இரவெல்லாம் ஓட்டி வந்து, சூரிய உதயத்தை மலைமேல் காணலாம் என்று விடியற்காலையில் ஏறுவது பலரின் ஆசை. ஒரு நாளின் மிகக் குறைந்த வெப்பநிலை உதயத்தை ஒட்டிய நேரத்தில்தான் பதிவாகும். உடல் களைத்தும் வயிறு காலியாகவும் இருப்பதும் அப்போதுதான். தெளிந்த வானமும் அசையாத காற்றும் உள்ள ஜனவரி இரவுகளில் உதகைப் புல்வெளிகளில் உறைபனி படிவதும் அந்த வேளையில்தான். பெங்களூரு பக்கமிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு இடர் உண்டு: பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அடைக்கப்படுவதால், சாவடி திறக்கும் முன்பே வந்து பனியில் காத்து நின்று உடம்பைக் குளிரவிடுகிறார்கள். அடிவாரத்தில் வயிறார உண்டு, வெயில் சாலையில் விழுந்தபின் ஏறுவதே அறிவுடைமை. நடுங்குவதற்கும் உடம்புக்கு எரிபொருள் வேண்டும்; கடலைமிட்டாயும் சூடான சுக்குக் காபியும் அதைத் தரும். குளிருக்கு இதமாக மது அருந்துவது மிகப் பெரிய தவறு. அது தோலில் உள்ள இரத்தக் குழாய்களை விரித்துச் சூடு போன்ற உணர்வைத் தந்துகொண்டே உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியேற்றும். வண்டி ஓட்டுகிறவருக்கு அது எக்காலத்திலும் ஆகாது. மரத்த கைகளை எஞ்சினிலோ சைலன்சரிலோ வைத்துச் சூடேற்றினால், தோல் வெந்ததுகூடத் தெரியாது. அவற்றை அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது கைகளைத் தோளிலிருந்து வட்டமாகச் சுழற்றுங்கள்.

பின்னால் அமர்ந்திருப்பவரை மறந்துவிடுவதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய தவறாகக் கருதுகிறேன். அவருக்குக் காற்று குறைவாகப் படுகிறது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் அவர் கிளட்சு, பிரேக் என்று எந்த அசைவும் இல்லாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார், அசையாத தசை வெப்பத்தை உண்டாக்காது. பெரும்பாலும் நல்ல ஜாக்கெட் ஓட்டுகிறவருக்கும் சால்வை மட்டும் அவருக்கும் என்றுதான் பங்கீடு நடக்கிறது. உடலின் உள்வெப்பம் 37 டிகிரியிலிருந்து 35-க்குக் கீழே இறங்கினால் அது மருத்துவ ஆபத்து. நடுக்கம், பேச்சுக் குழறல், தடுமாற்றம், காரணமில்லாத எரிச்சல் ஆகியவை அதன் அறிகுறிகள். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலேயே நடுக்கம் நின்று அமைதியாகிவிட்டால் தேறிவிட்டார் என்று பொருளல்ல, நிலைமை முற்றுகிறது என்று பொருள். அவரை உடனே கூரைக்குள் கொண்டுபோய், ஈர உடையைக் களைந்து, உலர்ந்ததைப் போர்த்தி, விழுங்கும் நிலையில் இருந்தால் இனிப்பான சூடான பானம் கொடுத்து, மருத்துவ உதவிக்கு ஆள் அனுப்ப வேண்டும். கை கால்களை அழுத்தித் தேய்க்கக் கூடாது. அந்த நிலைக்குப் போகும் முன்பே கண்டுகொள்ள, நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் பின்னிருப்பவரைத் தன் கழுத்துப் பொத்தானைத் தானே அவிழ்த்து மீண்டும் போடச் சொல்லுங்கள். விரல்கள் அதற்குப் பணியவில்லை என்றால், உதகை இன்னும் பத்தே கிலோமீட்டர் தொலைவில் இருந்தாலும், அன்றைய பயணத்தை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.