ஒட்டோ கியர் காரில் ரேஸ் தானாக ஏறுகிறதா? காற்று போகும் வழியில் தேடுங்கள்

பழைய ஒட்டோ கியர் காரில் ‘டி’ (டிரைவ்) போட்டுவிட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் கார் மெல்ல நகரும். அது இயல்பு. ஆனால் கொழும்பு–காலி வீதியில் வெள்ளவத்தைப் பக்கம் சிக்னலில் நிற்கும்போது பிரேக்கை வழமையை விட அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது, காலைத் தளர்த்தியதும் முன்னால் நிற்கும் த்ரீவீலரை நோக்கிப் பாயப் பார்க்கிறது என்றால், அதை “பழைய வண்டி, அப்படித்தான்” என்று விடக்கூடாது.

மனுவல் காரில் கிளட்சை மிதித்தால் எஞ்சினுக்கும் சில்லுக்கும் தொடர்பு அறுந்துவிடும். ஒட்டோவில் டோர்க் கன்வேர்ட்டர் அந்தத் தொடர்பை எப்போதும் வைத்திருக்கிறது. சூடான எஞ்சின் ஐடிலில், அதாவது அக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது, நிமிடத்துக்கு 650 முதல் 800 சுற்று (ஆர்பிஎம்) வரை ஓட வேண்டும். இந்த எஞ்சின் வேகத்தைத்தான் ரேஸ் என்கிறோம். அது 1500 ஆனால், நீங்கள் மிதிக்காமலேயே கார் தன்னை ஓட்டுகிறது என்று அர்த்தம். ஐடில் கோளாறும் தானாக வேகம் எடுப்பதும் ஒட்டோ காரில் ஒரே கதைதான்.

முதலில் உயிர்: ஓடும்போது ஏறினால்

திருத்த வேலைக்கு முன் இதை மனதில் பதியுங்கள். பிரேக்கை ஒரே மூச்சாக அழுத்தி அப்படியே பிடியுங்கள். விட்டு விட்டு மிதிக்க வேண்டாம். த்ரொட்டில் (எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தகட்டுக் கதவு) திறந்திருக்கும்போது எஞ்சினில் வேக்யூம் (உறிஞ்சும் இழுவை) குறைந்துவிடும். அந்த வேக்யூமால் பிரேக் மிதிப்பை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டரில் சேமிப்பில் இருப்பது ஓரிரு மிதிக்குத்தான் போதும். அடுத்தது கியரை நியூட்ரலான ‘என்’னுக்குத் தள்ளுங்கள். எஞ்சின் அலறும், அலறட்டும். ஓரமாக நிறுத்திய பிறகு சாவியை அணையுங்கள். ஓடும்போதே சாவியை முழுக்கத் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம்.

ஞாயிறு காலையில் வெறிச்சோடிய ஒரு ஒழுங்கையில், மெதுவாக ஓடும்போது ‘டி’யிலிருந்து ‘என்’னுக்குத் தள்ளிப் பழகுங்கள். வீட்டில் அந்தக் காரை ஓட்டுகிற எல்லாரும் பழக வேண்டும்.

படி 1: எஞ்சினை அணைத்துவிட்டு காலடியைப் பாருங்கள்

பாய் விரிப்பு அக்ஸிலரேட்டரின் மேல் ஏறியிருக்கிறதா? ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு விரிப்பு போட்டிருந்தால் மேலே உள்ளதை இப்போதே எடுத்துவிடுங்கள். 2009இல் டொயோட்டா பெருந்தொகைக் கார்களைத் திருப்பி அழைத்ததற்குக் காரணம் இந்த விரிப்புத்தான்.

அடுத்து பொனட்டைத் திறந்து, ஒருவரை உள்ளே இருத்தி அக்ஸிலரேட்டரை மிதித்து விடச் சொல்லுங்கள். கேபிள் போய்ச் சேரும் இடத்தில் உள்ள அரைவட்டத் தகடு ‘டக்’ என்று முழுதாகத் திரும்பி வர வேண்டும். சோம்பேறித்தனமாக வந்தால் கேபிள் இழை பிரிந்திருக்கலாம், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். கேபிளில் சில மில்லிமீற்றர் தளர்வும் இருக்க வேண்டும். எஞ்சின் மவுண்ட் உடைந்திருந்தால், ‘டி’ போட்டதும் எஞ்சின் சாய்ந்து கேபிளைத் தானே இழுக்கவும் கூடும்.

படி 2: எண்களை எழுதுங்கள்

ரேடியேட்டர் விசிறி ஒருமுறை சுற்றி நிற்கும் வரை எஞ்சினைச் சூடாக்குங்கள். ஹான்ட் பிரேக் இழுத்து, காலையும் பிரேக்கில் வைத்து, ஆர்பிஎம் ‘பி’யில் (பார்க்) எவ்வளவு, ‘டி’யில் எவ்வளவு, ஏசி போட்டால் எவ்வளவு என்று எழுதுங்கள். கராஜுக்குப் போகும்போது “ஒரு மாதிரி ஓடுது பாஸ்” என்று சொல்வதை விட இந்த மூன்று எண்கள் பாஸுக்கு எவ்வளவோ உதவும்.

படி 3: காற்று எங்கே நுழைகிறது?

பெற்றோல் இன்ஜெக்ஷன் எஞ்சினில் வேகத்தைத் தீர்மானிப்பது காற்று. உள்ளே போகும் காற்றைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் பெற்றோல் ஊற்றுகிறது. எனவே ரேஸ் நிலையாக ஏறி நின்றால், எங்கோ வேண்டாத காற்று போகிறது. அது போகக்கூடிய வழிகள் மூன்று: மூடாத த்ரொட்டில் தகடு, திறந்தே இருக்கும் ஐடில் வால்வ் (தகடு மூடியிருக்கும்போது எஞ்சினுக்குக் காற்று விடும் வால்வ்), வெடித்த ஹோஸ்.

90களின் டொயோட்டா பலவற்றில் இதை விரலாலேயே பிரித்தறியலாம். கரோலா 110 அதில் ஒன்று. ‘பி’யில் எஞ்சினை ஓடவிட்டு, ஏர் கிளீனரிலிருந்து வரும் பெரிய ரப்பர் குழாயைக் கழற்றுங்கள். த்ரொட்டில் தகட்டுக்குச் சற்று முன்னால், சுவரில் ஒரு சிறு துவாரம் தெரியும். ஐடில் வால்வ் அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. விரலால் அதை மூடுங்கள். தகட்டைத் தொடவேண்டாம், பெல்ட்டுக்கும் விசிறிக்கும் அருகே கை, சட்டை எதுவும் போகக்கூடாது, மின்விசிறி சொல்லாமல் சுற்றத் தொடங்கும்.

துவாரத்தை மூடியதும் ரேஸ் விழுந்தால் காற்று ஐடில் வால்வ் வழியாகத்தான் வருகிறது. அப்போது படி 4க்கும் 5க்கும் போங்கள். விழாவிட்டால் ஹோஸ்களைப் பாருங்கள்: பிரேக் பூஸ்டருக்குப் போவது, பிசிவி ஹோஸ் (எஞ்சினுக்குள் சேரும் புகையைத் திரும்ப உறிஞ்சும் குழாய்), முனைகளில் வெடித்த சிறு ரப்பர்கள். ‘உஸ்’ சத்தம் கேட்கும் ஹோஸை பிளையரால் துணி சுற்றி நெரித்துப் பாருங்கள். ரேஸ் இறங்கினால் குற்றவாளி அதுதான். சூடான எஞ்சினில் கிளீனர் ஸ்பிரே அடித்துக் கசிவு தேடுவது பலர் செய்வது. தீப்பிடிக்கும் வேலை அது. புதியவர்கள் செய்ய வேண்டாம்.

காற்றுக் குழாயில் வயர் பூட்டிய காற்றளவு சென்சர் இருந்தால் இந்த விரல் சோதனை சரிவராது. குழாயைக் கழற்றியதும் எஞ்சின் நின்றுவிடும்.

படி 4: த்ரொட்டிலைத் துடையுங்கள்

எஞ்சினை அணைத்து, த்ரொட்டில் கிளீனரில் நனைத்த மெல்லிய துணியால் தகட்டின் விளிம்பையும் அது வந்து உட்காரும் வளையத்தையும் துடையுங்கள். கறுப்புப் பசை போல வரும். அந்தப் பசை இரண்டு வேலை செய்கிறது. ஐடிலைக் கெடுப்பது ஒன்று. மற்றது தகட்டை மூடிய நிலையில் ஒட்டவைப்பது: நீங்கள் மெல்ல மிதிப்பீர்கள், அசையாது, இன்னும் கொஞ்சம் மிதிப்பீர்கள், திடீரென்று விடுபட்டுப் பாயும். பார்க்கிங்கிலிருந்து எடுக்கும்போது கார் துள்ளுகிறது என்று சொல்பவர்கள் முதலில் இங்கே பார்க்க வேண்டும். கேபிள் இல்லாத, மின்சாரத்தில் இயங்கும் த்ரொட்டிலை மட்டும் கையால் தள்ளித் திறக்காதீர்கள்.

துடைத்தபின் பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கொஞ்ச நேரம் கழற்றிப் பூட்டினால், கம்ப்யூட்டர் ஐடிலைப் புதிதாகக் கற்றுக்கொள்ளும். அதுவரை சற்று ஏறி இறங்கலாம்.

தகடு முட்டி நிற்கும் இடத்தில் ஒரு சிறு ஸ்குரூ இருக்கிறது. அதைத் திருப்பாதீர்கள், யாரையும் திருப்ப விடாதீர்கள். ஏசி போட்டால் எஞ்சின் நிற்கிறது என்று அதைத் திருப்பி ரேஸ் ஏற்றிவிடும் கராஜ்கள் கொழும்பில் நிறைய. அது கொம்பனியில் வைத்த அளவு. மாறினால் கால் எடுத்துவிட்டீர்கள் என்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் போகும். ரேஸ் ஏறி இறங்கி ஊசலாடத் தொடங்கும்.

படி 5: ரேடியேட்டர் தண்ணீர்

எஞ்சின் குளிராக இருந்தால் ஐடில் ஏறுவது இயல்பு. எனவே எஞ்சின் சூடானது கம்ப்யூட்டருக்குத் தெரியாவிட்டால், நாள் முழுக்க ஏறியே நிற்கும். எஞ்சின் ஆறிய பிறகு மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். தண்ணீர் குறைந்து, அதன் வெப்பத்தை அளக்கும் சென்சர் காற்றில் நின்றால் அது தவறாகச் சொல்லும். “இது சூடான நாடு, தேவையில்லை” என்று தேர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடாத வால்வை) கழற்றி எறிந்திருந்தாலும் இதேதான் நடக்கும். ஹைலெவல் வீதியில் இரவில் ஓடும்போது எஞ்சின் சரியாகச் சூடாகாது, பெற்றோலும் கூடுதலாகக் குடிக்கும். திரும்பப் போடுங்கள். கூலன்ட் இல்லாமல் குழாய்த் தண்ணீரே ஊற்றி வந்த கார்களில், தண்ணீர் ஓடும் ஐடில் வால்வ் துரு பிடித்து இறுகியிருக்கும்.

படி 6: கோட்

செக் எஞ்சின் விளக்கு எரிந்தால், கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறு எண்ணை (கோட்) ஸ்கேனரில் பாருங்கள். பி0507 என்றால் ஐடில் அதிகம், பி0506 என்றால் குறைவு. ஸ்கேனர் பூட்ட முடியாத பழைய டொயோட்டாவில் விளக்கு மின்னும் எண்ணிக்கையே கோட்: 22 வந்தால் தண்ணீர் வெப்ப சென்சர், 41 வந்தால் த்ரொட்டில் சென்சர். அதற்கு வயர் பூட்டும் இடம் தெரிந்தவரிடம் விடுங்கள்.

பழைய உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் பழைய ஐடில் வால்வ் வாங்கப் போனால், உங்கள் காரில் உள்ளதைக் கழற்றி கையோடு கொண்டு போங்கள். பிளக்கில் எத்தனை பின், உள்ளே துரு இருக்கிறதா என்று கடையிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சூடான எஞ்சின் ‘டி’யில் 1000க்கு மேல் நின்றால், அல்லது மிதிக்காமல் ஒருமுறையாவது பாய்ந்திருந்தால், அந்தக் காரை வீதியில் இறக்காதீர்கள். 1980களில் அமெரிக்காவில் ஆவ்டி 5000 கார்கள் தானாகப் பாய்கின்றன என்று பெரிய சர்ச்சை எழுந்தது. 1989இல் வந்த அரசாங்க அறிக்கை, பெரும்பாலும் சாரதிகள் பிரேக் என்று நினைத்து அக்ஸிலரேட்டரை மிதித்திருக்கிறார்கள் என்றது. ஐடில் கோளாறால் ரேஸ் திடீரென ஏறுவது சாரதியைத் திடுக்கிட வைத்து அந்தத் தவறுக்கு வழிவிட்டிருக்கலாம் என்றும் சொன்னது. கராஜுக்கு ஓட்டிப் போக வேண்டாம், ஏற்றிப் போகச் சொல்லுங்கள்.