சுடலைமாடனைப் பேயாக்க வேண்டாம்: நெல்லைச் சீமையில் கதைக் கரு தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துப்பறியும் கதை, திகில், சரித்திரம், அறிவியல் புனைவு என்று ஏதாவது ஒரு வகையைப் பிடித்து நாவல் எழுத நினைப்பவர்கள், கரு தேடி ஊர் சுற்றக் கிளம்புவது இப்போது சாதாரணமாகிவிட்டது. திருநெல்வேலிப் பக்கம் வருகிறவர்களுக்கு வழித்தடம்கூட ஏறக்குறைய ஒன்றுதான்: ஆதிச்சநல்லூர், செம்மணல் மேடான தேரிக்காடு, மாஞ்சோலை, திரும்பும்போது அல்வா. போன் நிறையப் படங்களோடு ஊர் போய்ச் சேருவார்கள். எழுத உட்கார்ந்தால் முதல் அத்தியாயம் பிரமாதமாக வரும். மூன்றாவது அத்தியாயத்தில் வண்டி நின்றுவிடும்.

அவர்கள் இங்கிருந்து எடுத்துப்போனது சூழலை மட்டும்தான். செம்மணல் மேடும் தனிப்பனையும் சாயங்கால வெளிச்சமும் அட்டைப்படத்துக்கு ஆகும். கதைக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளால் அந்த இடத்தை உதறிவிட்டுப் போக முடியாத ஒரு சிக்கல் வேண்டும். இங்கே என்ன வேலை நடக்கிறது, அது எப்படிக் கெடும், கெட்டால் யார் தலையில் விடியும் என்று விசாரிக்காமல் தேரியை எத்தனை தடவை சுற்றினாலும் காலில் மணல்தான் ஒட்டும்.

உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்துத் தேரியையே எடுத்துக்கொள்வோம். பதநீர் சீசனில் பனையேறுகிறவர் விடியுமுன்பே மரத்தில் இருப்பார். பாளையைச் சீவிக் கட்டும் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருக்கும். சுண்ணாம்பு இருந்தால் இறங்குவது பதநீர், காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் அதே சாறு புளித்துக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஆக, ஒரு மரத்தில் தொங்கும் கலயங்களில் ஒன்றில் மட்டும் உள்பக்கம் வெள்ளை இல்லையென்றால் அது ஒரு தடயம். கட்டியது யார், யாருக்காக, பனைகள் நிற்கும் விளைக்குச் சொந்தக்காரருக்குத் தெரியுமா, தெரிந்தும் பேசாமல் இருக்கிறாரா? காலையில் அந்த மரத்தடியில் ஒரு பிணம் கிடந்தால், பார்த்தவர் போலீசுக்குச் சொல்வாரா, இல்லை முதலில் கலயத்தை அவிழ்ப்பாரா? துப்பறியும் கதை எழுதுகிறவருக்கு இவ்வளவு போதும். தூரத்திலிருந்து எடுத்த படத்தில் இது விழாது. கலயத்துக்குள் எட்டிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

சாமி வேறு, பேய் வேறு

திகில் எழுதுகிறவர்கள் அதிகமாகச் சறுக்குவது இங்கேதான். சுடலைமாடன், இசக்கி என்ற பெயர்களைக் கேட்டதும் வெள்ளைக் கண், விரித்த தலை, நள்ளிரவு ஓலம் என்று எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். ஊரில் யாரும் சுடலைமாடனைப் பேயாக நினைப்பதில்லை. அவர் காவல் தெய்வம். பேயை விரட்டச் சொல்லி அவரிடம்தான் போவார்கள். அவரிடம் பயமும் உண்டு. ஆனால் அது கொடுக்கல் வாங்கல் பயம். நேர்ந்தது பாக்கி இருக்கிறது, கொடை என்கிற கோயில் திருவிழா நின்றுபோய்விட்டது, பங்காளிச் சண்டையில் கோயில் பூட்டிக் கிடக்கிறது என்கிற பயம். சென்னையில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கூட, பிள்ளைக்குத் தொடர்ந்து உடம்பு சரியில்லாமல் போனால், குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்குக் கொடுக்கும் தலைக்கட்டு வரியை அனுப்பாமல் விட்டது எத்தனை வருஷம் என்று எண்ணிப் பார்ப்பார். அந்தக் கணக்கில் இருக்கிற திகில் ஓலத்தில் இல்லை.

கொடையின் நடைமுறை தெரியாமல் கொடையை எழுதுவதும் இதே தவறின் தொடர்ச்சி. கால்நாட்டு, குடியழைப்பு, மதியக்கொடை, சாமக்கொடை என்று அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. சாமக்கொடையில் சாமி வந்தவர் மயானத்துக்கு வேட்டைக்குப் போவார். கோமரத்தாடி என்கிற அந்தப் பொறுப்பு பல கோயில்களில் குடும்ப வழி வருவது. அப்பா இறந்த பிறகு அண்ணன் மேல் இறங்குமா, தம்பி மேல் இறங்குமா என்பது ஒரு முழு நாவலுக்கான சண்டை. பகலில் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து பணம் எண்ணுகிறவர் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி தீப்பந்தத்தோடு மயானத்துக்கு நடக்கிறார் என்றால், எழுத்தாளர் மேற்கொண்டு புகை போட வேண்டியதில்லை.

கொடையில் பாடும் வில்லுப்பாட்டைக் கேட்கிறவர்களும் மேலோட்டமாகவே கேட்கிறார்கள். குடத்தின் மேல் வில்லைச் சாய்த்து, மணிகள் குலுங்க வீசுகோலால் அடிக்கும் அழகை எழுதுவார்கள். பாட்டில் என்ன நடக்கிறது என்று கவனிப்பதில்லை. இந்தச் சீமையின் சாமிகளில் கணிசமான பேர் கொலையுண்டவர்கள். அநியாயமாகச் செத்தவரைத்தான் ஊர் பீடம் போட்டுக் கும்பிடுகிறது. யார் கொன்றது, எதற்காக, செத்தவர் பிறகு என்ன கேட்டார், ஊர் எப்படி ஒப்புக்கொண்டது என்று பாட்டு வரிசையாகச் சொல்லும். இதைவிடக் கச்சிதமான குற்றக்கதை அமைப்பு எங்கே கிடைக்கும்?

முத்துப்பட்டன் கதை அப்படி ஒன்று. பிராமணரான அவர் சக்கிலியர் குலத்துப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கல்யாணம் செய்து, அந்தக் குடும்பத்தின் செருப்புத் தைக்கும் வேலையையே தன் வேலையாக்கிக்கொண்டு, மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தார். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கிறார். அவருக்குக் காணிக்கை செருப்பு. கட்டித் தொங்கவிட்ட செருப்பு அடுத்த வருஷம் வந்து பார்த்தால் தேய்ந்திருக்கும், அவர் போட்டு நடந்திருக்கிறார் என்று நம்பிக்கை. ஆடி அமாவாசைக்குக் கூட்டம் தாங்காது. மற்ற நாளில் அது களக்காடு-முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற காடு. தேயாத ஒரு ஜோடி செருப்பைப் பார்த்தவன் என்ன நினைப்பான் என்று யோசிக்கத் தொடங்குங்கள்.

(பொதிகை மலைக் குகையில் சித்தர் சுவடி கிடைப்பதாகத் தொடங்கும் நாவல்களுக்கு மட்டும் ஒரு பத்து வருஷம் ஓய்வு கொடுக்கலாம்.)

துப்பாக்கிச் சத்தத்துக்கு நேரே போய் நிற்பது

புகழ்பெற்ற சம்பவம் கிடைத்தால் நேரே அதன் நடுவில் போய் நிற்பது இன்னொரு பழக்கம். 1911 ஜூன் 17, மணியாச்சி சந்திப்பு. கலெக்டர் ஆஷ் மனைவியோடு கொடைக்கானலுக்குக் கிளம்பி, திருநெல்வேலியிலிருந்து வந்து, முதல் வகுப்புப் பெட்டியில் இணைப்பு ரயிலுக்காகக் காத்திருக்கிறார். செங்கோட்டை வாஞ்சிநாதன் வந்து சுடுகிறார். பிளாட்பாரத்துக் கழிப்பறைக்குள் போய்த் தன்னையும் சுட்டுக்கொள்கிறார். இது எல்லோருக்கும் தெரியும். முடிவு தெரிந்த சம்பவத்தில் வாசகருக்கு என்ன பதைப்பு இருக்கும்?

பதைப்பு ஓரத்தில் இருக்கிறது. அந்த இணைப்பு ரயில், கொழும்புக் கப்பல் பயணிகளை ஏற்றிவரும் போட் மெயில், தூத்துக்குடியிலிருந்து வந்து சேர வேண்டும். அதில் வருகிறவர்களுக்கு இங்கே நடந்தது எதுவும் தெரியாது. ஸ்டேஷன் மாஸ்டர் அந்த ரயிலை உள்ளே விடுவாரா, வெளியே நிறுத்துவாரா? தந்தியை முதலில் யாருக்கு அடிப்பார்? அன்றைக்குச் செங்கோட்டைக்குப் போக டிக்கெட் வாங்கி வைத்திருந்த, ஒன்றுமறியாத ஒரு பையனை அடுத்த வாரம் போலீஸ் என்ன கேட்கும்? இவர்கள் சரித்திரத்தில் பெயரில்லாதவர்கள். அதனால் எழுத்தாளருக்குச் சுதந்திரம் இருக்கிறது, வாசகருக்கு முடிவும் தெரியாது.

மிளகாய், பாலம், கருவேலம்

சரித்திர நாவலுக்குக் கரு தேடி வருகிறவர்கள் இன்றைய நிலக்காட்சியைப் பார்த்து அன்றைய கதையை எழுதிவிடுகிறார்கள். பாண்டியர் படை சீமைக்கருவேலங்காட்டுக்குள் பதுங்கும். அந்த மரம் பிரிட்டிஷ் காலத்தில் வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டுச் சேரன்மகாதேவியில் மீன்குழம்புக்கு மிளகாய் வற்றல் அரைப்பார்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்ச்சுக்கீசியர் வந்த பிறகுதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது, அதுவரை காரத்துக்கு மிளகு. கட்டபொம்மனின் ஒற்றன் பாளையங்கோட்டையிலிருந்து குதிரையில் ஆற்றுப்பாலத்தைத் தாண்டித் திருநெல்வேலிக்குள் பறப்பான். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டிய அந்தப் பாலம் திறந்தது 1843இல்.

இதில் பிழை திருத்துவதோடு விட்டுவிடக் கூடாது. பாலம் இல்லையென்றால் ஒற்றன் தாமிரபரணியை எப்படிக் கடந்தான்? ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் இரண்டு கரையும் புரளும்போது பரிசல்காரனை நம்பித்தான் ஆக வேண்டும். பரிசல்காரன் யார் பக்கம்? அந்த இடத்தில் அத்தியாயம் தானாக எழுந்து உட்காரும். தகவல் பிழையைத் திருத்தப் போன இடத்தில்தான் பல சமயம் கதையே கிடைக்கிறது.

ஆதிச்சநல்லூர் வேறு விதமான வலை. 1899இல் தொடங்கி தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது கிடைத்த தங்க நெற்றிப்பட்டங்களைப் பார்த்ததும் சாபம், புதையல், தோண்டியவர் சாவு என்று எகிப்துக் கதையை இங்கே கொண்டுவந்து இறக்குகிறார்கள். எனக்கென்னவோ தங்கத்தைவிடத் தாழிதான் பெரிய கரு. இறந்த ஆளை உள்ளே வைத்துப் புதைக்கும் அளவுக்குப் பெரிய பானை. 2004இல் தோண்டியபோது நூற்றறுபதுக்கும் மேல் வெளிவந்தன. வீட்டில் சாவு விழுந்த பிறகு வனைந்து காயவைத்துச் சுட்டு முடிக்கிற சாமான் இல்லை அது. அப்படியானால் ஆள் உயிரோடு இருக்கும்போதே தாழி தயாராக இருந்ததா? யாருக்கென்று குயவருக்குத் தெரியுமா? 1876இல் ஜெர்மானியரான ஃபெடோர் யாகோர் இங்கே தோண்டி எடுத்த பொருள்கள் பெர்லினுக்குப் போயின என்பது இன்னொரு நூல்முனை, குற்றக்கதைக்காரருக்கு.

காலக்கணிப்பை மட்டும் கதையின் தூணாக நிறுத்த வேண்டாம். இந்தப் பக்கத்துச் சிவகளை என்ற ஊரில் தாழியில் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று 2021இல் அறிவித்தார்கள்; அதே ஊர் மாதிரிகளை வைத்து இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் அரசு அறிக்கை வந்தது. உங்கள் நாவல் அச்சாகி வருவதற்குள் இன்னொன்று வரலாம்.

அறிவியல் புனைவு அமெரிக்காவில்தான் நடக்குமா?

மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜின்களை இயக்கிச் சோதிக்கிறார்கள். கூடங்குளத்தில் அணு உலை. விஜயநாராயணத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் கடற்படை நிலையத்தின் கோபுரங்கள். பூமியின் காந்த நடுக்கோடு இந்தப் பகுதியை ஒட்டிப் போவதால், சிற்பங்களுக்குப் பேர்போன கிருஷ்ணாபுரத்தில் மேல்வளிமண்டலத்தைக் கவனிக்கும் ஆய்வுக்கூடம் இருக்கிறது. இவ்வளவையும் பஸ்ஸில் கடந்து வந்துவிட்டு, கதாநாயகனுக்கு நாசாவில் வேலை போட்டுக் கொடுக்கிறார்கள்.

குலசேகரப்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஏன் குலசை? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட், இலங்கைக்கு மேலே போகாமல் வளைந்து போக வேண்டும். அதில் எரிபொருள் வீணாகும். குலசையிலிருந்து நேரே தெற்கே கடல்தான். அதே குலசையில் முத்தாரம்மன் தசராவுக்கு விரதமிருந்து காளி, குறவன், ராஜா என்று வேஷம் கட்டிக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். ஏவும் நாளில் கடலில் படகு இருக்கக் கூடாது என்பது எந்த ஏவுதளத்துக்கும் உள்ள விதி. பக்கத்து மணப்பாட்டு மீனவர் ஒருவர் வலையை அதற்கு முந்தின ராத்திரியே விட்டுவிட்டார் என்று வையுங்கள். ஏவுதல் தசரா நாளில் விழுந்தது என்றும் வையுங்கள். வேற்றுக்கிரகவாசி வராமலே கதை ஓடும்.

ஆறாத புண்

2023 டிசம்பர் 17, 18இல் கொட்டிய மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் ஏறக்குறைய 800 பேரோடு மாட்டிக்கொண்டது. வெள்ளத்துக்கு நடுவே நிற்கும் ரயில் என்றதும் திகில் எழுத்தாளருக்குக் கை பரபரக்கும். எழுதலாம், ஆனால் வீடு போனவர், ஆள் போனவர் யாரென்று ஊருக்கே தெரியும்போது, பெயரை மட்டும் மாற்றிவிட்டு அவர் சாவை அப்படியே எடுத்துக்கொள்வது திருட்டு. சம்பவத்தின் இயக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப்போகிறது, போனில் சார்ஜ் தீர்கிறது, பக்கத்துக் கிராமத்தார் சோறு கொண்டுவருகிறார்கள். ஆட்களை நீங்களே உண்டாக்குங்கள்.

கதை கேட்கப் போகிற இடத்திலும் ஒரு பக்குவம் வேண்டும். திண்ணையில் இருக்கிற ஆச்சியிடம் "பேய்க்கதை ஏதாவது சொல்லுங்க" என்றால், "அதெல்லாம் ஒண்ணுமில்லய்யா, எதுக்குக் கேக்கிய?" என்று முடித்துவிடுவார். "இந்தப் பாதையில ராத்திரி எந்நேரம் வரைக்கும் ஆள் நடமாட்டம் இருக்கும் ஆச்சி?" என்று கேட்டுப் பாருங்கள். "வெளக்கு வச்ச பொறவு அந்தப் புளியமரத்துப் பக்கம் யாரு போவா?" என்று அவரே ஆரம்பிப்பார். அப்போது போனை எடுத்துப் பதிவுசெய்யப் போனால் பேச்சு நின்றுவிடும்.

வட்டார வழக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லா வாக்கியத்திலும் 'ஏலே' போட்டால் நெல்லைத் தமிழ் ஆகாது. 'ஏலே' சின்னவனுக்கு, கடைக்காரர் அண்ணாச்சி, அண்ணன் பெண்சாதி மைனி. யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதிலேயே பாதிப் பாத்திரம் வந்துவிடும்.

குற்றக்கதைக்காரர்களுக்கு இன்னும் ஒன்று. பழைய சினிமாவின் தயவில் எல்லோரும் கொலைக்கு 302 என்றே எழுதுகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் கொலைக்குத் தண்டனை சொல்வது 103ஆம் பிரிவு. சந்தேக மரணத்துக்குப் பழைய 174 இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தில் 194. ஆனால் குற்றம் அந்தத் தேதிக்கு முன்னால் நடந்திருந்தால், பிறகு கண்டுபிடித்தாலும் பழைய தண்டனைச் சட்டப் பிரிவுதான். இப்போது யோசியுங்கள்: ஜூலை 1 காலையில் வண்ணாரப்பேட்டை ஆற்றங்கரையில் ஒரு உடல் ஒதுங்குகிறது. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிப் பிரேதப் பரிசோதனையில் சாவு நேரம் முந்தின இரவு பதினொன்றிலிருந்து ஒன்றுக்குள் என்று வருகிறது. எந்தச் சட்டத்தில் வழக்குப் பதிவது என்பதே எஸ்.ஐ.க்கு முதல் தலைவலி. குற்றவாளியின் வக்கீலுக்கோ அதுதான் முதல் பிடி.