மீன் கருவில் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவை அளக்கும் முறை

சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ இறுதியாண்டு ஆய்வுக்காக வரிக்குதிரை மீனின் கருவில் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவின் பிரதிகளை அளக்கவிருக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்தெந்த வேலைக்கு விலங்கு ஆய்வுக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பதை மேற்பார்வையாளரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கருக்களை 28.5 பாகை செல்சியஸில் வளருங்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் குளிரூட்டிய ஆய்வுக்கூடத்தின் மேசைமேல் வைத்த கரு மெதுவாகவே வளரும் என்பதால், கடிகாரத்தை மட்டும் நம்பாமல் நுண்ணோக்கியில் வளர்நிலையைப் பார்த்துச் சேகரியுங்கள். ஒவ்வொரு நிலையிலும் ஒரே எண்ணிக்கையில், உதாரணமாக 20 கருக்களை, ஒன்றாகச் சேர்த்து உறையவையுங்கள். டிஎன்ஏ பிரித்தெடுக்கும் முறையை இடையில் மாற்றாதீர்கள். மைட்டோகாண்ட்ரியாவின் சிறிய வட்ட டிஎன்ஏவும் உட்கருவின் நீண்ட குரோமோசோம் டிஎன்ஏவும் எல்லா முறைகளிலும் ஒரே விகிதத்தில் கிடைப்பதில்லை.

டிஎன்ஏவைப் பெருக்கியபடியே அதன் அளவைக் காட்டும் அளவறி பிசிஆருக்கு, மைட்டோகாண்ட்ரிய மரபணு ஒன்றுக்கும், உட்கருவில் ஒற்றைப் பிரதியாக உள்ள மரபணு ஒன்றுக்கும் பிரைமர்கள், அதாவது பெருக்கவேண்டிய பகுதியில் ஒட்டும் குறுகிய டிஎன்ஏ இழைகள், வேண்டும். மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவின் துண்டுகள் உட்கரு மரபணுத்தொகுதியிலும் படிந்திருப்பதுண்டு. அவற்றையும் பெருக்கிவிடாத பிரைமரைத் தேர்ந்தெடுங்கள்.

பெரும்பாலோர் சறுக்குவது கணக்கில்தான். வளர்ந்த திசுவுக்குப் பழக்கமான முறைப்படி மைட்டோகாண்ட்ரிய அளவை உட்கரு அளவால் வகுத்தால், ஒரு செல் 10 முறை பிரிந்து 1,024 செல்களாகும்போது, முட்டையிலிருந்து வந்த மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவில் ஒரு பிரதிகூடக் குறையாவிட்டாலும், விகிதம் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அதைப் பார்த்து டிஎன்ஏ அழிந்துவிட்டது என்று எழுதுவது பிழை. போதாக்குறைக்கு, ஒரு செல் நிலையில் உட்கரு மரபணு ஒரு கருவுக்கு மிகச் சில பிரதிகளே இருப்பதால் அந்த அளவீடே தள்ளாடும். ஆகவே, பிரதி எண்ணிக்கை தெரிந்த மாதிரியைப் படிப்படியாக நீர்க்கச்செய்து, ஒப்பிட்டு எண்ணிக்கையை அறிய உதவும் தரவளைவு வரைந்து, 'ஒரு கருவுக்கு இத்தனை' என்ற எண்ணை முதலில் கொடுங்கள். 'ஒரு செல்லுக்கு' என்பதை அதன் பக்கத்தில் தனியாகக் காட்டுங்கள்.

விளக்கும்போது தாயின் சேமிப்பை மறவாதீர்கள். எலியின் முதிர்ந்த முட்டையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் உள்ளன. கரு கருப்பையில் பதியும் காலம்வரை அவை பெரும்பாலும் பெருகாமல் மகள் செல்களுக்குப் பங்கிடப்படுகின்றன. இந்த டிஎன்ஏவைப் பேணும் டிஃபாம் புரதத்தின் மரபணு முற்றிலும் நீக்கப்பட்ட எலிக்கருக்களும் உடனே மடிவதில்லை. பதிந்த பிறகே, கருவுற்றதிலிருந்து 10.5 நாளுக்குள் இறக்கின்றன. ஆகவே மீனில் அத்தகைய மரபணுவை நீக்கிய பின் முதல் நாள் கரு நலமாகத் தெரிந்தாலும், அது தேவையற்றது என்று முடிவுகட்டாமல், உறுப்புகள் உருவாகும் பிந்தைய நாள்களிலும் மாதிரி எடுத்து அளவிடுங்கள்.